கேலரிக்குப் போகும் வழி

டானி கிரே-தாம்சன் பிரிட்டனின் சக்கர நாற்காலி ஓட்டப்பந்தய வீராங்கனை. ஐந்து பாராலிம்பிக் போட்டிகளில் 16 பதக்கம் வென்றவர். அவற்றில் 11 தங்கம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் மட்டும் நான்கு தங்கம். அந்த ஆண்டுக் கடைசியில் பிபிசி நடத்திய விளையாட்டு விருது விழாவில் அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. நாடே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. அவரால் மட்டும் மேடை ஏற முடியவில்லை. படிக்கட்டு கட்டியவர்கள் சாய்தளம் வைக்க மறந்திருந்தார்கள்.

பிறகு அவர் பிரபுக்கள் அவை உறுப்பினரானார். மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றி அந்நாட்டில் யார் பேசினாலும் அவர் பெயர் வந்துவிடும். 2024 ஆகஸ்ட் கடைசி வாரத்தில், பாரிஸ் பாராலிம்பிக்குக்குப் போகும் வழியில் இரவு ரயிலில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். சாய்பலகையோடு வரவேண்டிய ஊழியர் வரவில்லை. கால் மணி நேரம் போலக் காத்திருந்து பார்த்தார். பிறகு சாமான்களைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் போட்டுவிட்டு, பெட்டியின் தரையில் தவழ்ந்து வெளியே இறங்கினார்.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் 24 ஆண்டுகள். அதற்குள் பிரிட்டன் சமத்துவச் சட்டம் இயற்றியது, 2012இல் பாராலிம்பிக்கை நடத்தி 27 லட்சம் டிக்கெட் விற்றது, மாற்றுத்திறன் வீரர்களை வீட்டுக்கு வீடு தெரிந்த நட்சத்திரங்களாக ஆக்கியது. இத்தனைக்குப் பிறகும் அந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற பாரா வீராங்கனை தவழ வேண்டியிருந்தது என்றால், மற்றவர்களின் கதையை ஊகித்துக்கொள்ளலாம்.

பெரிய விளையாட்டுப் போட்டிகளை எல்லோருக்கும் உரியவையாக்குவது என்றதும் பலர் நினைப்பது பாராலிம்பிக் பதக்கங்களை. ஆனால் மைதானத்துக்குள் ஓடுபவருக்கும் கேலரியில் உட்காருபவருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான்: வீட்டு வாசலிலிருந்து இருக்கை வரை அறுபடாத ஒரு வழி. டிக்கெட் வாங்கும் இணையதளம், பஸ், ரயில் நிலையம், நடைபாதை, நுழைவாயில், இருக்கை, கழிப்பறை, திரும்பி வரும் பாதை என எல்லாமே அதில் சேர்த்தி. தேர் எவ்வளவு அலங்காரமாக இருந்தாலும் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் ஊர் கூடி இழுத்தும் நகராது. விளையாட்டு விழாக்களில் அந்தக் குழி எப்போதுமே யாரும் பார்க்காத இடத்தில்தான் இருக்கிறது.

பாராலிம்பிக் வரலாற்றின் தொடக்கமே இதற்குச் சாட்சி. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மான், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட 16 பேரை வைத்து ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளில் அது ரோம் நகரத்துக்குப் போனது. 1960இல் 23 நாடுகளிலிருந்து ஏறக்குறைய 400 பேர் வந்தார்கள். இன்று முதல் பாராலிம்பிக் என்று கணக்கில் கொள்ளப்படும் போட்டி அதுதான். தங்க வைத்த இடமோ தூண்கள் மேல் தூக்கிக் கட்டிய வீடுகள். ஏறிப்போகப் படிகள். கடைசியில் இத்தாலிய ராணுவ வீரர்கள் வந்து சக்கர நாற்காலியோடு ஆட்களை மேலும் கீழும் தூக்கிச் சுமந்தார்கள். உலகின் முதல் பாராலிம்பிக் கிராமத்திலேயே மாடிப்படி!

அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இருபது ஆண்டுகள் நாடோடி வாழ்க்கை. 1968இல் மெக்சிகோ சிட்டி ஏற்க மறுத்ததால் போட்டி இஸ்ரேலுக்குப் போனது. 1972இல் ஒலிம்பிக் மியூனிக்கில், பாராலிம்பிக் ஹைடல்பர்க்கில். ஒலிம்பிக் முடிந்த கையோடு மியூனிக் விளையாட்டுக் கிராமத்தை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்ற வேண்டியிருந்தது. மாற்றுத்திறன் வீரர்களுக்கு அங்கே இடமில்லை. 1965 போரில் குண்டுகள் பாய்ந்த இந்திய ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வாங்கியது அந்த ஹைடல்பர்க்கில்தான். 1980இல் மாஸ்கோ கைவிரிக்க, நெதர்லாந்தின் ஆர்னம் நகரம் கைகொடுத்தது. ஒலிம்பிக் நடந்த அதே நகரில், அதே அரங்குகளில் பாராலிம்பிக் என்பது 1988 சோலில்தான் வழக்கத்துக்கு வந்தது. ஒலிம்பிக் கேட்கும் நகரம் பாராலிம்பிக்கையும் சேர்த்தே நடத்த வேண்டும் என்ற ஒப்பந்தம் 2001இல் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தம் வீரர்களின் பிரச்சினையைப் பாதி தீர்த்தது. பார்க்க வருபவர்களின் பிரச்சினை வேறு திசையிலிருந்து, நீதிமன்றங்கள் வழியாகத் தீர வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1990இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. அரங்கு கட்டுபவர்கள் சக்கர நாற்காலிக்கு இடம் ஒதுக்கினார்கள். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் ஆட்டம் சூடுபிடித்ததும் கூட்டம் எழுந்து நிற்குமே! முன்வரிசைக்காரர் எழுந்த அந்த நொடியில், பின்னால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிவது ஒரு முதுகு மட்டும். சிக்ஸர் பறப்பதும் கோல் விழுவதும் அந்த நொடியில்தான். ஆட்டத்தின் உயிரான கணங்கள் அத்தனையையும் தவறவிட்டு, மீதி நேரத்தை முழு விலை கொடுத்துப் பார்க்கும் ரசிகரை என்னவென்று சொல்வது? வாஷிங்டனில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த எம்சிஐ சென்டர் அரங்கை எதிர்த்து, ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினரின் அமைப்பு வழக்குப் போட்டது. முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலாகவும் பார்வை போக வேண்டும், சக்கர நாற்காலி இடங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் அமைய வேண்டும் என்று 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. பிற்பாடு 2010ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் அந்தக் கணக்கு எழுத்திலேயே ஏறியது.

கட்டடக்காரர்களுக்கு இது சில அங்குல உயரக் கணக்கு. சக்கர நாற்காலி நிற்கும் மேடையை முன்வரிசையைவிடப் போதிய அளவு உயர்த்தினால் தீர்ந்தது. வரைபடம் போடும்போது செய்தால் செலவு தெரியாது. கான்கிரீட் போட்ட பிறகு செய்வதென்றால் சில வரிசை இருக்கைகளைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இருக்கைகளின் டிக்கெட் வருமானமும் போகும். பழைய அரங்குகளின் நிர்வாகங்கள் ஏன் இழுத்தடிக்கின்றன என்பதற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவுமில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகள் உலகின் பணக்காரக் கால்பந்து கிளப்புகள் வரிசையில் இருப்பவை. 2017 ஆகஸ்டுக்குள் அரங்குகளை வழிகாட்டு நெறிகளுக்கு ஏற்ப மாற்றிவிடுவோம் என்று 2015இல் வாக்குக் கொடுத்தன. கெடு வந்தபோது சில கிளப்புகள் இன்னும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தன. ஓர் ஆட்டக்காரரை வாங்கக் கோடிகளைக் கொட்டும் கிளப்பிடம் ஒரு மேடை எழுப்பப் பணமில்லை என்றால் யார் நம்புவது?

எத்தனை இடம் ஒதுக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. மொத்த இருக்கைகளில் ஒலிம்பிக்குக்கு 0.75 சதவீதம், பாராலிம்பிக்குக்கு 1 முதல் 1.2 சதவீதம் சக்கர நாற்காலிக்கு வேண்டும் என்கிறது சர்வதேச பாராலிம்பிக் கமிட்டியின் கையேடு. சுமார் 38,000 பேர் அமரும் சென்னை சேப்பாக்கத்துக்கு இந்த 0.75 சதவீதத்தைப் போட்டுப் பார்த்தால் 285 இடம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துணைக்கு வருபவருக்கு ஓர் இருக்கை. எல்லாம் ஒரே மூலையில் குவியாமல், பல விலை டிக்கெட்டுகளிலும் பரவியிருக்க வேண்டும். நம் ஊர்களில் எந்த அரங்கையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை சுற்றி வந்தால் போதும், மேற்கொண்டு எழுதத் தேவையிருக்காது.

துணை இருக்கை விஷயத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2012 லண்டன் போட்டிக்கு டிக்கெட் விற்றபோது, சக்கர நாற்காலியில் வரும் தாய் தன் பிள்ளைகள் எல்லோரோடும் சேர்ந்து உட்கார வழியில்லை என்று தெரியவந்தது. ஒருவருக்கு ஒரு துணை என்று கணக்கு வைத்தவர்கள், மாற்றுத்திறனாளிக்குக் குடும்பம் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. கையெழுத்து இயக்கம் நடத்தித்தான் அமைப்பாளர்களை அசைக்க முடிந்தது.

சாய்தளமும் லிஃப்டும் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது பொதுவான நினைப்பு. மாற்றுத்திறனாளிகளில் சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஒரு பகுதியினர் மட்டுமே. இந்தியச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்வையற்ற ஒருவர் அரங்குக்கு ஏன் வர வேண்டும், வீட்டிலேயே ரேடியோ கேட்கலாமே என்று கேட்பவர் உண்டு. பார்வையுள்ளவர் மட்டும் வீட்டில் டிவி இருந்தும் ஏன் வெயிலில் வரிசையில் நிற்கிறாராம்? கூட்டத்தின் இரைச்சல், பக்கத்து இருக்கைக்காரரின் திட்டு, பந்து மட்டையில் படும் சத்தம், இவற்றுக்குத்தான் அவரும் வருகிறார். தேவை காதுக்குள் ஒரு குரல். பந்து எந்தப் பக்கம் போகிறது, யார் எங்கே நிற்கிறார், கேப்டன் கையைக் காட்டி என்ன சொல்கிறார் என்று விடாமல் சொல்லும் வர்ணனை. 2012 யூரோ கால்பந்தின்போது போலந்து, உக்ரைன் அரங்குகளில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் வர்ணித்தார்கள். வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கலையின் வலிமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குரலை வைத்தே முழு மைதானத்தையும் கண்ணுக்குள் வரைந்துகொண்ட ஊர் இது.

பாரிஸில் 2024இல் இதற்கும் ஒருபடி மேலே போனார்கள். மடியில் வைத்துக்கொள்ளும் ஒரு பலகை. அதில் மைதானத்தின் கோடுகள் மேடாக இருக்கும். ஆட்டத்தில் பந்து நகர நகர, பலகையில் ஒரு சிறு வில்லை நகரும். விரலை அதன்மேல் வைத்திருந்தால் பந்து போகும் வழி விரல் நுனியில் தெரியும்.

அதே பாரிஸில், ஈபிள் கோபுரத்தின் அடியில் நடந்த பார்வையற்றோர் கால்பந்து, பார்வையாளர் எல்லோருக்கும் ஒரு பாடம் நடத்தியது. பந்துக்குள் கலகலக்கும் மணிகள். கோல்கீப்பரைத் தவிர எல்லோருக்கும் கண் கட்டப்பட்டிருக்கும். பந்தை நோக்கிப் போகும் தடுப்பாட்டக்காரர், மோதிக்கொள்ளாமல் இருக்க ‘வோய்’ என்று குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பந்தின் சத்தம் கேட்க வேண்டுமே, அதனால் கேலரி மூச்சுவிடாமல் இருக்கும். கோல் விழுந்த பிறகுதான் அடக்கி வைத்த கூச்சல் வெடிக்கும். 2004 முதல் 2020 வரை நடந்த ஐந்து போட்டிகளிலும் தங்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத பிரேசில் இந்த முறை இறுதிக்கே வரவில்லை. அர்ஜென்டினாவை பெனால்ட்டியில் வென்று பிரான்ஸ் தங்கம் வாங்கியது. உள்ளூர் அணி இறுதியாட்டம் ஆடும்போது வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு கூட்டத்தால் முடியும் என்பது கிரிக்கெட் பார்த்தே பழகியவர்களுக்கு நம்பக் கஷ்டமான செய்தி.

செவித்திறன் இல்லாதவர்களின் விளையாட்டுக்குப் பாராலிம்பிக்கைவிட வயது அதிகம். 1924இலேயே பாரிஸில் அவர்களுக்கெனத் தனிப் போட்டி நடந்தது. இன்றைய டெஃப்லிம்பிக்ஸ் அதன் தொடர்ச்சி. 2022இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் மதுரை ஜெர்லின் அனிகா பேட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கினார். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதில் விளக்கு எரியும், மாற்றம் அவ்வளவுதான். கேலரிப் பக்கம் முன்னேற்றம் மெதுவாகத்தான் வந்தது. 2024 ஏப்ரலில் இங்கிலாந்தின் நியூகாசில் கால்பந்து கிளப், காது கேளாத ரசிகர்களுக்கு ஒரு சட்டை கொடுத்துப் பார்த்தது. அரங்கின் ஆரவாரத்தை அது அதிர்வாக மாற்றி உடம்பில் உணர்த்தும். அதே ஆண்டு ஐபிஎல் ஒளிபரப்பில் இந்திய சைகை மொழி வர்ணனை வந்தது. டிவிக்கு வந்துவிட்டது, அரங்கின் ராட்சதத் திரைக்கு இன்னும் வர வேண்டும். அவுட்டா இல்லையா என்று மூன்றாவது நடுவர் பேசுவதை எழுத்தில் ஓடவிட்டால் காது கேட்பவருக்கும் உதவும். அந்த இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கிறது?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அந்த இரைச்சலே சித்திரவதை. சண்டர்லாந்து கிளப் 2015இல் தன் அரங்கில் சத்தம் குறைந்த, கண்ணாடி வழியாக ஆட்டம் தெரியும் ஓர் அறையைத் திறந்தது. பிறகு பல கிளப்புகள் பின்பற்றின. 2022 உலகக் கோப்பையில் கத்தார் தன் எட்டு அரங்குகளில் மூன்றில் இத்தகைய அறைகளை வைத்தது. அந்த உலகக் கோப்பையைப் பற்றித் தொழிலாளர் உரிமை சார்ந்து சொல்லப்பட்ட குறைகள் எதுவும் இதனால் மறையப்போவதில்லை. என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் அது முன்மாதிரிதான்.

சரி, வீரர்களுக்காவது எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? டோக்கியோவைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெக்கா மேயர்ஸுக்குக் காது கேட்காது, பார்வையும் மிகக் குறைவு. ரியோவில் மூன்று தங்கம் வாங்கிய நீச்சல் வீராங்கனை. கொரோனா கட்டுப்பாடுகளால் டோக்கியோவுக்கு அவருடைய தாயை உதவியாளராக அழைத்துப் போக அனுமதி கிடைக்கவில்லை. அணியில் முப்பதுக்கு மேற்பட்ட நீச்சல்காரர்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் உதவியாளர்தான் என்றார்கள். சாப்பாட்டுக் கூடம் எங்கே, பஸ் எங்கே என்று தட்டுத்தடுமாறி அலைவதைவிட வீட்டிலேயே இருக்கிறேன் என்று 2021 ஜூலையில் விலகிக்கொண்டார். அடுத்த மாதம், விளையாட்டுக் கிராமத்துக்குள் ஓடிய டொயோட்டாவின் தானியங்கி பஸ், பாதசாரிகள் கடக்கும் இடத்தில் பார்வைக் குறைபாடுள்ள ஜப்பானிய ஜூடோ வீரர் அராமிட்சு கிடாசோனோ மீது மோதியது. அவர் தன் ஆட்டத்திலிருந்து விலக நேர்ந்தது. டொயோட்டாவின் தலைவர் அகியோ டொயோடா மன்னிப்புக் கேட்டார். வருகிற வண்டியைப் பார்த்து நடப்பவர் நின்றுவிடுவார் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். பாராலிம்பிக் கிராமத்தில் செய்யக்கூடாத முதல் அனுமானம் அது.

இதே டோக்கியோவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கெங்கோ குமா வடிவமைத்த தேசிய அரங்கை வரையும்போதே மாற்றுத்திறனாளி அமைப்புகளை அழைத்துவந்து உட்காரவைத்துக் கேட்டார்கள். முன்வரிசை எழுந்து நின்றாலும் மறைக்காத சக்கர நாற்காலி இடங்கள் நூற்றுக்கணக்கில் அமைந்தன. புல்லட் ரயிலில் ஒன்றிரண்டாக இருந்த சக்கர நாற்காலி இடம் புதிய ரயில்களில் ஆறு வரை கூடியது. போட்டி முடிந்து, வெளிநாட்டு ரசிகர் ஒருவர்கூட வராமலே போய்விட்டபோதும், அந்த ரயில்கள் ஜப்பானியர்களுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு பெரிய போட்டி முடிந்தபின் ஊரில் என்ன தங்குகிறது என்பதுதான் சரியான அளவுகோல். பெய்ஜிங் 2008க்காகச் சீனப் பெருஞ்சுவரின் பாடாலிங் பகுதிக்கு லிஃப்ட் வைத்தது. லண்டன் 2012ஐ ஒட்டி கிரீன் பார்க் போன்ற சுரங்க நிலையங்களுக்கு லிஃப்ட் வந்தது. பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே போடும் சாய்பலகைகளை, போட்டி முடிந்ததும் எடுத்துவிடாதீர்கள் என்று அமைப்புகள் போராடித் தக்கவைத்தன. பாரிஸின் கதை சற்றுச் சங்கடமானது. 1900இல் ஓடத் தொடங்கிய அந்த மெட்ரோவில் 300க்கு மேற்பட்ட நிலையங்கள். படியே இல்லாமல் முழுக்கப் போய்வரக்கூடிய தடம் 1998இல் திறந்த 14ஆவது தடம் ஒன்றுதான். நூறாண்டுப் பழைய சுரங்கங்களைத் தோண்டி லிஃப்ட் வைக்க முடியாது என்று சொல்லி, பஸ்களையும் டிராம்களையும் காட்டினார்கள். சக்கர நாற்காலி ஏறும் டாக்சிகளை ஆயிரமாக்கத் திட்டமிட்டார்கள். விழா சிறப்பாகவே நடந்தது. விருந்தினர் ஊர் திரும்பினார்கள். பாரிஸ்வாசிக்கு மெட்ரோ படிக்கட்டு அப்படியே இருக்கிறது.

இனி நம் நாடு.

2015 மார்ச்சில் காஜியாபாதில் தேசிய பாரா தடகளப் போட்டி நடந்தது. கட்டி முடிக்காத கட்டடத்தில் வீரர்களைத் தங்க வைத்தார்கள். சாய்தளம் இல்லை, பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இல்லை, குடிநீருக்கே தட்டுப்பாடு. தேசியச் சாம்பியன்கள் தரையில் தவழும் படங்கள் நாளிதழ்களில் வந்தன. சில வாரங்களில் சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி இந்திய அமைப்பை இடைநீக்கம் செய்தது. இரண்டு ஆண்டு கழித்து, போலியோவால் பாதிக்கப்பட்ட பாரா டேபிள் டென்னிஸ் வீராங்கனை சுவர்ணா ராஜுக்கு, நாக்பூரிலிருந்து டெல்லி போகும் ரயிலில் மேல் படுக்கை ஒதுக்கப்பட்டது. டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டும் கீழ்ப் படுக்கை கிடைக்காமல், இரவு முழுக்கத் தரையில் படுத்து வந்தார்.

அதன்பின் பதக்கங்கள் குவிந்தன. பாரிஸில் 29, ஹாங்சோ ஆசிய பாரா போட்டியில் 111. சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் உயரம் தாண்டினார். துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் என மூன்று தமிழ்ப் பெண்கள் பாரிஸில் பேட்மிண்டன் பதக்கத்தோடு வந்தார்கள். வரவேற்பு, மாலை, பரிசுத்தொகை எதற்கும் குறைவில்லை. கொண்டாட்டத்தின் வேகத்துக்குக் கட்டடங்கள் ஈடுகொடுக்கவில்லை.

சட்டம் இல்லாததல்ல காரணம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அணுகல் வசதி இல்லாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியே தரக்கூடாது; பழைய பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டில் மாற்றியமைக்க வேண்டும். விளையாட்டு அமைப்புகளின் கடமை பற்றித் தனிப் பிரிவே உண்டு. மீறினால் முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய் வரை. ஐபிஎல் விருந்தினர் பெட்டியில் ஓர் இரவு உட்கார்ந்து பார்க்க ஆகும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு ஓட்டை விதிகளில் இருந்தது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டியது. சட்டம் கட்டாயம் என்கிறது; அதன்கீழ் எழுதிய 15ஆவது விதியோ பரிந்துரை மாதிரி இருக்கிறது; எனவே அந்த விதி சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாத அவகாசம் கொடுத்தது.

விதி கட்டாயமாக இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதை எந்த அரசுக் கட்டடத்து வாசலிலும் பார்க்கலாம். சாய்தளத்தின் சரிவு 1க்கு 12 என்பது பொதுவான அளவு. வாசல் மூன்றடி உயரமென்றால் சாய்தளம் 36 அடி நீள வேண்டும். நடுவில் சமதளம், இருபுறமும் கைப்பிடி. நம் ஒப்பந்தக்காரர் படிக்கட்டின் ஓரத்தில் பத்தடிக்குள் சிமென்ட்டை இழைத்துவிட்டுப் போகிறார். அதில் தள்ளுவண்டிகூட ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது நேரே தெருவில்தான் போய் நிற்கும். பட்டியலில் ‘சாய்தளம்: உண்டு’ என்று குறி போட்டாயிற்று.

சென்னையில் ஐபிஎல் ஆட்ட நாட்களில் டிக்கெட் காட்டினால் மெட்ரோவில் இலவசமாகப் போய்வரலாம் என்ற ஏற்பாடு வந்தது. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. அரங்குக்கு அருகிலுள்ள அரசினர் தோட்டம் நிலையத்தில் மேலே வரும் வரை சிக்கல் இல்லை. அதற்குப் பிறகுதான் கதை. நம் நகர நடைபாதைகளில் மோட்டார் சைக்கிள் ஏறாமலிருக்க நட்டுவைக்கும் இரும்புக் குழாய்கள் சக்கர நாற்காலியையும் ஏறவிடுவதில்லை. ஆட்டம் முடிந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தெருவில் இறங்கும் இரவு பதினொன்றரை மணிக்கு, ஊன்றுகோலோடு வருபவர் அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பார் என்பது போட்டி நடத்துபவரின் கவலையா, மாநகராட்சியின் கவலையா, காவல்துறையின் கவலையா? எல்லோருடையதும் என்பதால் யாருடையதும் இல்லை. போட்டி நன்றாக நடக்க வேண்டுமென்றால் இதற்கென ஒரு பொறுப்பாளரும், அவர் கையில் அதிகாரமும் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு நல்ல அனுபவமும் இருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் பார்வையற்றோர், உடல் ஊனமுற்றோர், காது கேளாதோர் ஆகியோரின் உலகக் கூட்டமைப்புகள் தங்கள் அணிகளை அனுப்பின. தனிப் பிரிவு கிடையாது. மற்ற நாடுகளோடு அதே மண்டபத்தில், அதே அட்டவணையில் ஆடினார்கள். பார்வையற்றவர் தன் காய்கள் குத்தி நிற்கும் பலகையை விரலால் தடவிப் பார்த்து, நகர்வை வாய்விட்டுச் சொல்வார். எதிராளி தன் பலகையில் வைத்துக்கொள்வார். ஒரு மேசைக்கு இரண்டு பலகை. கூடுதல் ஏற்பாடு அவ்வளவே.

2025 செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை டெல்லி நேரு அரங்கில் உலக பாரா தடகளச் சாம்பியன்ஷிப், இந்தியாவில் முதன்முறையாக. புதிய ஓடுதளம் போட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் வந்தன. இந்தியா 22 பதக்கம் வாங்கியது. போட்டி நடந்துகொண்டிருந்தபோதே கென்யா, ஜப்பான் பயிற்சியாளர்களை அரங்க வளாகத்தில் தெருநாய்கள் கடித்தன என்பதும் அதே வாரச் செய்தி. காஜியாபாதிலிருந்து பத்தாண்டில் வெகுதூரம் வந்துவிட்டோம் என்பது உண்மை. ஆனால் ஓடுதளத்துக்குக் கிடைத்த கவனிப்பு அதைச் சுற்றியுள்ள பாதைக்கும் வாசலுக்கும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

அடுத்த சோதனைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாதுக்கு என்று 2025 நவம்பரில் முடிவானது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா துண்டு போட்டு வைத்திருக்கிறது. 2002 மான்செஸ்டர் முதல் காமன்வெல்த்தில் பாரா போட்டிகள் தனி விழாவாக இல்லாமல் மற்ற போட்டிகளோடு கலந்தே நடக்கின்றன. ஆகவே இரண்டு வாரம் கழித்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற சலுகை அகமதாபாதுக்குக் கிடையாது. அங்குள்ள நரேந்திர மோடி அரங்கில் 1,32,000 பேர் உட்காரலாம். ஒலிம்பிக் அளவான 0.75 சதவீதம் என்றால் சக்கர நாற்காலிக்கு 990 இடம், அவர்களின் துணைக்கு இன்னொரு 990. இவர்கள் எல்லோருக்கும் லிஃப்ட் எத்தனை, கதவு 90 சென்டிமீட்டருக்குக் குறையாத கழிப்பறை எத்தனை, மெட்ரோவிலிருந்து வாசல் வரை நிழலும் சமதளமும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் வரைபடத்திலேயே எண்ணிவிடக்கூடிய விஷயங்கள். டோக்கியோவில் அந்த வரைபடத்தைச் சுற்றி மாற்றுத்திறனாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அகமதாபாதின் அமைப்புக் குழுவில் அவர்களுக்கு எத்தனை நாற்காலி, அந்தக் குழு எந்த மாதம் கூடுகிறது என்பதைத்தான் விளையாட்டுச் செய்தியாளர்கள் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும். கான்கிரீட் கலவை வண்டி வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.